போர்வையோடு மலையேறியவர்

பொட்டலத்தை வாங்கும்போது அவர் முகவரி கேட்க மாட்டார். "யாரு கையில குடுக்கணும்?" என்றுதான் கேட்பார். அம்மா கையில் என்றால், அம்மா எப்படி இருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. குட்டையா, நெட்டையா, மூக்குத்தி எந்தப் பக்கம், காது நன்றாகக் கேட்குமா. தகரத்தில் கோடு போடும் தடித்த மார்க்கரால் பொட்டலத்தின் மேல் எழுதிக்கொள்வார்: ‘துறையூர். வலது கன்னத்தில் மரு.’ அவ்வளவுதான். தெருப் பெயர், கதவு எண் எல்லாம் மற்றவர்களுடைய கவலை.

இரண்டாயிரங்களின் நடுவில், அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் ஏசி டக்ட் செய்யும் ஒரு ஷெட்டில் நான் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடங்களுக்குள் குளிர்காற்று ஓடும் தகரக் குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. அவற்றைத் தகரத்தில் வெட்டி, மடித்து, கட்டி எடுப்பது அவர் வேலை. எனக்கு இருபத்து நாலு வயது. அவர் நாற்பதைத் தாண்டியிருப்பார். ஊர் அறந்தாங்கிப் பக்கம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஆனால் அந்த அண்ணனைப் பார்த்தால் எனக்கு எப்போதும் உள்ளே எங்கேயோ ஓர் எரிச்சல் இருந்தது. இப்போது அதற்குச் சரியான பெயரைச் சொல்லிவிடலாம். பொறாமை.

முதலில் சின்ன விஷயம்தான். நான் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த வரைபடத்தை அவர் ஒரு நிமிடம் பார்ப்பார். தலையைச் சொறிவார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வளைவு நேரா போயி பீம்ல முட்டும்போல இருக்கு" என்பார். முட்டும். டிப்ளமா படித்தவன் நான், எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். அதையும் கடைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்வார், பாருங்கள், அதுதான் தாங்காது.

லீவில் ஊருக்குப் போகிறவன் மற்றவர்களின் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வளைகுடாவில் அது எழுதி வைக்காத சட்டம். எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போட்டு, ‘வந்து எடுத்துக்குங்க’ என்று சொல்லிவிடுவார்கள். இவர் மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். துறையூரில் அந்த மரு உள்ள அம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார்களாம். அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே? இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்கே போயிருக்கிறார். காரைக்குடியில் ஒரு பையன் ஹாஸ்டலில் படிக்கிறான், அவனுக்கு ஒரு கைக்கடிகாரம். வார்டன், "என்கிட்ட குடுங்க, நான் குடுத்துடறேன்" என்றிருக்கிறார். இவர் சாயங்கால மணி அடிக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, பையன் மணிக்கட்டில் தானே கட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

"கூரியர்ல போட்டா முடிஞ்சிச்சு. எதுக்குண்ணே இந்த அலைச்சல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கூரியர்காரன் போயி, ‘உங்க மகன் நல்லா இருக்கான், நெஞ்செரிச்சல் நின்னுடுச்சு, இப்ப ரெண்டு தட்டு சோறு திங்கிறான்’னு சொல்லுவானா தம்பி?"

அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் லீவு முடிந்து திரும்பும் நாளில் எங்கள் அறையில் நிற்க இடம் இருக்காது. பக்கத்து அறை, எதிர் அறை, மாடி அறை, எல்லோரும் வந்துவிடுவார்கள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகச் சொல்வார். "ஒங்க வீட்டுல புதுசா கிரில் கேட்டு போட்டிருக்காக. நீலக் கலரு. தொறக்கும்போது கிறீச்சுங்குது, எண்ணெ விடச் சொல்லிட்டு வந்தேன்." யாருடைய வீடோ அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொள்வான். நான் தினமும் இன்டர்நெட்டில் பத்து விஷயம் படித்துவிட்டு வந்து அதே அறையில் சொல்பவன். துருவக்கரடி, எரிமலை, பெருங்கடலின் அடியில் என்ன இருக்கிறது, எல்லாம் சொல்வேன். கேட்டுக்கொண்டே படுத்துவிடுவார்கள். கிறீச்சிடும் கேட்டுக்கு மட்டும் இவ்வளவு கூட்டம்.

அவர் மனைவி ஒருமுறை போனில் பேசியது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "ஊராவூட்டு மூட்டையெல்லாம் எறக்கிட்டு நாலாம் நாளுதேன் நம்ம வாசப்படி தெரியிது ஒங்களுக்கு. இந்தவாட்டியாச்சும் நேரா வாங்க சாமி." அவர் எங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எனக்கு அன்றைக்கு முழுவதும் நல்ல மனநிலை.

இனி ஒரு பனியாற்றின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் மெஸ்ஸில் சமையல்காரர் இமயமலைப் பக்கத்து ஆள், குமாவூன்காரர். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் அவருக்கு ‘பஹாடி’ என்றுதான் பெயர். இந்தியில் மலைக்காரன். அவர் ஊர் காத்தி. ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒரு கணவாயைத் தாண்டி இரண்டு நாள் நடந்தால்தான் அந்தக் கிராமம். அங்கிருந்து ஆற்றோரமாகவே இன்னும் இரண்டு நாள் ஏறினால், மூன்றாம் நாள் காலையில் பிண்டாரி பனியாறு, சிகரத்திலிருந்து ஆறுபோல் இறங்கி உறைந்து கிடக்கும் பனி. இந்த விஷயத்தை அவர் வாயிலிருந்து முதலில் பிடுங்கியவன் நான்தான். வேறு யாரும் அவரிடம் உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அரியலூர் வெயிலில் பிறந்து அபுதாபி வெயிலுக்கு வந்தவன். ஃபிரிட்ஜைத் தவிர எங்கேயும் பனியைப் பார்த்ததில்லை. ஆபீஸ் பிரிண்டரில் வழிப்படங்களை எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அக்டோபரில் லீவு என்று முடிவு செய்தேன். மலையேறும் ஷூ வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலைகளில் முதுகுப்பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு கேம்ப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

"என்னடா, நடந்தே ஊருக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"மொதலாளி கஃபீல் பாஸ்போர்ட்டு தரமாட்டேன்னுட்டாராம். அதான் சவுதி வழியா நடக்கப்போறான்."

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தக் கேம்ப்பிலிருந்து பனியாற்றைப் பார்க்கப்போகும் முதல் ஆள் நான். அது போதும்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பஹாடி ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், ரோஜாப்பூப் போட்ட, வழுவழுப்பான பெரிய கம்பளிப் போர்வை. வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிற எல்லோரும் தூக்கிக்கொண்டு போவார்களே, அதேதான். அம்மாவுக்கு, என்றார். நீங்கள்தான் எங்கள் ஊர் வழியாகப் போகிறீர்களே, என்றார்.

நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோ இருக்கும். மலையேற்றத்துக்கு மொத்தச் சுமை பத்துக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று படித்திருந்தேன். அதையே அவருக்கு எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். உயரம், மூச்சு, முழங்கால், எல்லாவற்றையும். டெல்லியிலிருந்து தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே ஜிப்பைத் திறந்தார், மூடினார். எங்கள் ஊருக்குத் தபால் மேலே வருவதற்குள் பனி விழுந்துவிடும் என்றார்.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"யாரு கையில குடுக்கணும் பஹாடி?"

"அண்ணே, அது ஒங்க ஊரு மாதிரி இல்ல. ரெண்டு நாள் மலையில நடக்கணும்" என்றேன்.

"நடக்குறதுதான தம்பி? அதுக்குத்தான் கம்பெனி சூ குடுத்திருக்கான்."

சொல்லிவிட்டுத் தன் பாதங்களைக் காட்டினார். முன்னால் இரும்புத் தகடு வைத்த சேஃப்டி ஷூ. மெஸ்ஸே கைதட்டியது. அவருக்கு மே மாதம் லீவு. எனக்கு ஐந்து மாதம் முன்னால்.

அண்ணன் திருச்சி டிக்கெட்டை டெல்லிக்கு மாற்றிக்கொண்டார். பஹாடி என்னிடம் வந்து, அலமாரியில் ஒட்டியிருக்கும் வழிப்படத்தில் ஒரு பிரதி பாய்க்குக் கொடுங்கள் என்றார். அண்ணனை அவர் பாய் என்றுதான் கூப்பிடுவார், இந்தியில் அண்ணன். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆறு பக்கமும் வந்துவிடும். பிரிண்டர் கெட்டுப்போச்சு என்றேன். பஹாடியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். பக்கத்தில் நின்ற அண்ணன்தான் பதில் சொன்னார்.

"பரவால்ல தம்பி. வாய் இருக்குல்ல, கேட்டுக்குவேன்."

மே மாதம் முழுவதும் நான் அந்த மலைப்பக்கத்து வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வரட்டும். பாதை அடைத்துக்கொள்ளட்டும். கணவாயில் மூச்சு வாங்கி, போர்வையை எந்தக் கடையிலாவது வைத்துவிட்டு இறங்கட்டும். ஆள் பத்திரமாக இருக்கட்டும், ஆனால் ஏறக் கூடாது. என் வேண்டுதலில் அந்த அளவுக்குத்தான் இரக்கம் இருந்தது.

ஜூலையில் திரும்பி வந்தார், மலைவெயிலில் கறுத்த முகம் இன்னும் தெளியாமல். அன்று அறையில் எப்போதையும்விடக் கூட்டம். பஹாடி கரண்டியோடு ஓடி வந்தார். "கெழவிக்குப் போர்வையைப் பிரிச்சுக் காட்டுனேன். தடவிப் பாத்துட்டு, இத மாட்டுக்குப் போத்துறதா மனுசனுக்குப் போத்துறதான்னு கேட்டுச்சுப்பா" என்று அவர் ஆரம்பித்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். கேம்ப் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். மறுநாள் ஷெட்டில் எல்லோரும், "பனிமலைக்கே போயிட்டு வந்துட்டாருப்பா, ரெண்டு எட்டுல" என்று பேசிக்கொண்டார்கள். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் வரைபடத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அக்டோபரில் நான் போனேன். இந்த முறை பஹாடி என்னிடம் எதையும் கொடுத்தனுப்பவில்லை. ‘பத்திரமாகப் போய்வாருங்கள்’ என்று மட்டும் சொன்னார்.

கணவாய் ஏறும்போது என் ஷூ வழுக்கவில்லை. முதுகுப்பை எட்டரைக் கிலோ. வழியெல்லாம் கருவாலி மரங்கள், இறக்கத்தில் எங்கோ கீழே ஆற்றின் இரைச்சல். இரண்டாம் நாள் மாலை காத்தியில் பஹாடியின் வீட்டை விசாரித்தேன். அபுதாபி என்று சொன்னதுமே அவருடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய் எப்படி இருக்கிறார்?" என்றார். தன் சொந்த அண்ணனைக் கேட்கிறார் என்று நினைத்து, நன்றாகச் சமைக்கிறார் என்றேன். "அண்ணனைப் பற்றிப் பாய் எல்லாம் சொல்லிவிட்டார். நான் கேட்பது பாயை" என்றார்.

அடுப்பங்கரைக்குள் அழைத்துப் போனார்கள். அடுப்புக்கு மேலே ஒரு புகைக்குழாய், கூரையைத் துளைத்து வெளியே போயிருந்தது. பழைய எண்ணெய் டின்களை வெட்டிச் செய்தது. ஆணி இல்லை, பற்றவைப்பு இல்லை. ஓரத்தை மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, தட்டி இறுக்கிய மடிப்பு. அந்த மடிப்பை நான் தினம் இருபது முறை வரைகிறேன். ஒருமுறைகூடச் செய்ததில்லை. வந்த மறுநாள் பாய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செய்தாராம். அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டதாம்.

அந்த அம்மா தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தம்பிதான் எளிய இந்தியில் எடுத்துச் சொன்னார். "என் பையனுக்குத் தலை நரைத்திருக்கிறதா? பாய்க்கு ஞாபகமில்லாத ஒரே விஷயம் அதுதான். அவன் எப்போதும் சமையல் தொப்பி போட்டிருக்கிறானாமே. நீயாவது பார்த்திருப்பாய்."

இரண்டு வருடம் அந்த ஆள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. லேசாக, என்றேன்.

பிறகுதான் தம்பி சொன்னார். பாய் மேலே போகவில்லை.

"போகவில்லையா?"

"போக ஆசைப்பட்டார். ரொம்ப ஆசைப்பட்டார். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். போய்த் திரும்ப நாலு நாளைக்கு மேல் ஆகும். அவர் பையில் யாருடைய குழந்தைக்கோ காதுகுத்துத் தோடு இருந்தது. தேதி நெருங்கிவிட்டது. காலையில் அந்தத் திட்டில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இறங்கிவிட்டார்."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சிறகு முளைத்தது. அவர் பார்க்கவில்லை! முதல் ஆள் நான்தான்! மறுநாளிலிருந்து நான் நடக்கவில்லை, தாவினேன். மரங்கள் முடிந்தன, புதர்கள் முடிந்தன, வெளிறிய புல் மட்டும் மிஞ்சியது. மூன்றாம் நாள் விடியலில் கடைசி மேட்டின் விளிம்பில் போய் நின்றேன்.

படத்தில் பார்த்ததுபோல் வெள்ளையாக, சுத்தமாக இல்லை அது. இரண்டு சிகரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரிய படிக்கட்டு உடைந்து சரிந்து வந்து பாதியில் நின்றதுபோல் இருந்தது. அடியில் சேறும் கல்லும் கலந்த சாம்பல் நிறம். வெடிப்புகளுக்குள் மட்டும் ஒரு நீலம், உள்ளே யாரோ விளக்கு வைத்ததுபோல. இரண்டு நாளாக என் பக்கத்திலேயே கத்திக்கொண்டு வந்த ஆறு, அந்தச் சேற்றுப் பனியின் அடியிலிருந்து சத்தமே இல்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தது. வெயில் மேல்முனையைத் தொட்டதும் எங்கோ உள்ளே ஒரு வெடிப்பு. லாரியிலிருந்து ஜல்லி கொட்டும் சத்தம், நீண்டு, அடங்கி, மறுபடியும். வாயைத் திறந்து ஏதோ சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை.

திரும்பும் வழியில் அந்த அம்மா ஒரு துணிமூட்டையில் அக்ரூட் கொட்டை கொடுத்தார். பாதி மகனுக்கு, பாதி பாய்க்கு. எனக்குத் தனியாக ஒரு கைப்பிடி, வழியில் தின்ன.

டிசம்பரில் டியூட்டிக்குத் திரும்பினேன். அறையில் பனியாற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நீலம் என்று தொடங்குவதற்குள் ஒருவன், "காதுல பஞ்சு வச்சிக்கிட்டியா?" என்றான், இன்னொருவன் டிவியைப் போட்டான். பஹாடி என் பக்கத்தில் உட்கார்ந்து, புகைக்குழாய் இன்னும் நன்றாக இழுக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் ஷெட்டில் அண்ணனிடம் அவருடைய பங்கு அக்ரூட்டைக் கொடுத்தேன். இரும்பு மேசையில் ஒவ்வொன்றாக வைத்து மரச்சுத்தியால் தட்டினார். பருப்பு உடையாமல் முழுசாக எடுத்து முதலில் எனக்கு நீட்டினார்.

"தம்பி, அங்கன மேல போனீகளா?"

"போனேண்ணே."

"நான் போகல தம்பி. எல்லாரும் போயிட்டு வந்துட்டேன்னு பேசிக்கிறானுவ. இல்லடான்னு சொன்னாலும் எவன் கேக்குறான்? கீழயிருந்து பாத்ததோட சரி." சுத்தியைக் கீழே வைத்தார். "அந்த ஆத்தாகிட்ட, அடுத்த லீவுல வாரேன், ஒங்க சின்ன மகனக் கூட்டிக்கிட்டுப் போயி ஐஸ் மலையைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்னு சொல்லிட்டு வந்தேன். பொண்டாட்டி வைவா, வையட்டும். என்ன தம்பி இருந்துச்சு மேல? சொல்லுங்க. நீங்க நல்லா சொல்லுவீக."

அந்த முகாமில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள். நாற்பது வயது மனிதர், சுத்தியை வைத்துவிட்டு, வாயை லேசாகத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தச் சத்தம், அந்த நீலம், சத்தமில்லாமல் கிளம்பும் ஆறு, எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. கூடவே அந்தப் புகைக்குழாயும் வந்தது. ‘நான் கேட்பது பாயை’ என்ற அந்தக் குரலும் வந்தது. ஊர் முழுக்க அவருடையது. இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது.

"பெருசா ஒண்ணுமில்லண்ணே" என்றேன். "சேறும் கல்லும்தான். அழுக்கு ஐஸ்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் நான் எதிர்பார்த்ததுபோல் வாடிப்போகவில்லை. பெருமூச்சு விட்டு, தோளைத் தளர்த்தி, சிரித்தார்.

"அப்பச் சரி தம்பி. நல்லவேளை சொன்னீக. மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு, என்னத்தையோ பெருசா விட்டுட்டு வந்துட்டோமேன்னு. இனி இதுக்காக எதுக்கு அம்புட்டு தூரம்? அடுத்தவாட்டி நேரா வீட்டுக்குப் போயிடுறேன், அவளும் சந்தோசப்படுவா."

இன்னொரு கொட்டையை உடைத்தார். அதையும் எனக்கே கொடுத்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் அவருடைய லீவுக்குப் பதினெட்டு மாதம் இருந்தது. தினமும் பார்த்தோம், தினமும் பேசினோம். லீவு வந்ததும் திருச்சி விமானத்தில் போனார். பஹாடி கொடுத்த ஒரு ஸ்வெட்டரை மட்டும், இந்தமுறை தபாலில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.